சிவக்கும் 6வி6, விடாத ஹம்: 1960-களின் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்பை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பழைய வால்வு கிட்டார் ஆம்ப் கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது, உள்ளே இருக்கும் கண்டென்சர், ரெசிஸ்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1963 முதல் 1967 வரை கறுப்பு முகப்போடு வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பிலும் இதே கதை நடக்கிறது. ஆம்ப் பாடத்தான் செய்யும். ஆனால் எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. நல்ல நீலநிறக் கண்டென்சர்கள் குப்பைக்குப் போயிருக்கும், போதாததற்கு இரண்டு மூன்று அரைகுறை சால்டரிங் புதிதாகச் சேர்ந்திருக்கும்.

என் கணக்கில் கேள்வி கேட்காமல் மாற்ற வேண்டியவை மூன்றே மூன்று: எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள், இரண்டு கம்பி பவர் கார்டு, அந்தக் கார்டின் ஒரு முனையிலிருந்து ஆம்ப்பின் உலோக உடலான சேசிஸுக்குப் போகும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சர். மூன்றாவது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் நேராக மெயின்ஸ் ஏறும். அதை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று கம்பி கார்டு போட்டு, பச்சைக் கம்பியைச் சேசிஸில் தனிப் போல்ட்டில் இறுக்குங்கள். மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி முதலில் ஃபியூஸுக்குப் போகட்டும், அங்கிருந்து சுவிட்சுக்கு. மற்ற எதையும் அறிகுறி காட்டிக் கொடுத்த பிறகே தொடுவது.

சர்க்யூட்டின் பெயர் ஏபி763. வரைபடம் எளிதாகக் கிடைக்கும், பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்புறத்திலிருந்து பார்த்தால் வலது ஓரத்தில் வி1, அது நார்மல் சேனல். அடுத்தது வி2, வைப்ரட்டோ சேனல். பிறகு ரிவெர்ப்பை (ஸ்பிரிங் பெட்டி தரும் எதிரொலி) ஓட்டும் வி3, ரிவெர்ப் திரும்பி வரும் வி4, சத்தத்தை ஏற்றி இறக்கி ஆட்டும் டிரெமோலோவுக்கு வி5, ஒலியை எதிரெதிர் இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் வி6, ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு 6வி6 பவர் வால்வுகள், இடது ஓரத்தில் ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர் வால்வு ஜிஇசட்34. வி3-யும் வி6-உம் 12ஏடி7, மற்ற சின்ன வால்வுகள் 12ஏஎக்ஸ்7 குடும்பம். பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் இருக்காது.

திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கலாம். இருமுனையிலும் கிளிப் உள்ள வயரை எடுத்து, ஒரு முனையை முதலில் சேசிஸில் மாட்டுங்கள். மறுமுனையை வி1-இன் 1-ஆம் பின்னில் மாட்டுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர் வழியாகக் கண்டென்சர்கள் மெதுவாக வடியும். ஒரு நிமிடம் விட்டு மீட்டரில் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் கை உள்ளே போகலாம். இறங்கவில்லை என்றால் நடுவே ஏதோ ரெசிஸ்டர் திறந்திருக்கிறது. அப்போது 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கொண்டு ஒவ்வொரு கண்டென்சரையும் தனித்தனியாக வடியுங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்வது வேண்டாம்.

இது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குக் கட்டிய அமெரிக்க ஆம்ப். நம் 230-இல் ஓட்ட ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகை, 200 அல்லது 300 விஏ. கடையில் கிடைக்கும் மலிவான ஸ்டெப் டவுன் பெட்டிகள் பலவற்றில் எர்த் பின் வெளியே வருவதே இல்லை. மீட்டர் வைத்துச் சுவர் எர்த்திலிருந்து ஆம்ப் சேசிஸ் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகவே சூடாகும். 115 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் அதற்கு நல்லது.

மின்பாதையில் தொடராக மாட்டிய சீரிஸ் பல்பு இல்லாமல் முதல் முறை சுவிட்ச் போடவே கூடாது. 100 வாட் குண்டு பல்பு, 230 வோல்ட் பக்கத்தில், ஸ்டெப் டவுனுக்கு முன்னால். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்றே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே ஷார்ட் இருக்கிறது.

ஃபியூஸ் போகிறது

2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் போயிற்று என்பதற்காக 5 ஆம்பியர் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரே ஃபியூஸாக வேலை செய்யும், விலை மட்டும் வேறு.

எல்லா வால்வையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். அப்போதும் பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் பவர் டிரான்ஸ்ஃபார்மர், ஃபிலமென்ட் வயரிங், அல்லது பைலட் விளக்கின் சாக்கெட். கடைசியானதை முதலில் பாருங்கள். அந்தச் சாக்கெட்டின் தகடு வளைந்து சேசிஸைத் தொட்டுக்கொண்டிருப்பது சகஜம், சரிசெய்யக் காசும் ஆகாது.

வால்வு இல்லாதபோது பல்பு மங்கலாக இருந்தால் ஜிஇசட்34-ஐ மட்டும் மாட்டி, ஸ்டாண்ட்பை சுவிட்சை (உயர் டிசியை உள்ளே விடும் இரண்டாவது சுவிட்ச்) ஓடும் நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். இப்போது எரிந்தால் அந்த வால்வோ ஃபில்டர் கண்டென்சரோதான். இந்தச் சோதனையைச் சில விநாடிகளில் முடித்துக்கொள்ள வேண்டும். சுமையே இல்லாததால் 330 வோல்ட் ஏசி சுற்றிலிருந்து வரும் டிசி 460-ஐத் தாண்டும், பழைய கண்டென்சர்களோ 450 வோல்ட்டுக்கானவை. புதிதாக வாங்கும்போது 500 வோல்ட் கேட்டு வாங்கச் சொல்வது இதனால்தான். சென்னை ரிச்சி தெருவில் 450 வோல்ட் கண்டென்சர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், ஆசைப்பட வேண்டாம். சேசிஸின் மேல் தகர மூடிக்குள் இருக்கும் ஐந்து ஃபில்டர் கண்டென்சர்களும் 16 மைக்ரோஃபாரட். 22 போட்டால் ஒன்றும் ஆகாது. முதல் இடத்தில் இரண்டு சேர்ந்து 32 ஆகிறது, அங்கே 100 என்று ஏற்றிவிடாதீர்கள், ரெக்டிஃபயர் வால்வு தாங்காது.

ஜிஇசட்34 கிடைக்கவில்லை என்று 5யு4 மாட்டும் பழக்கமும் உண்டு. இரண்டுக்கும் சாக்கெட் ஒன்றுதான், ஆனால் முதலாவது ஃபிலமென்ட்டுக்கு 1.9 ஆம்பியர் கேட்கும், இரண்டாவது 3 ஆம்பியர். ஐம்பது ஆண்டு தாண்டிய டிரான்ஸ்ஃபார்மரிடம் அவ்வளவு கேட்கக் கூடாது.

6வி6 மாட்டிய பிறகுதான் ஃபியூஸ் போகிறது என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

6வி6-இன் பிளேட் சிவக்கிறது

விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஃபிலமென்ட்டின் ஆரஞ்சு வெளிச்சம் நடுவில் இருக்கும், அது இயல்பு. வெளியே இருக்கும் சாம்பல் நிறத் தகட்டில், அதாவது பிளேட்டில், சிவப்புத் திட்டு தெரிந்தால் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள், அணையுங்கள். பெரும்பாலும், வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் பயஸ் எனப்படும் மைனஸ் வோல்ட்டேஜ் போய்ச் சேரவில்லை.

இரண்டு 6வி6-ஐயும் கழற்றி, மற்றவை மாட்டியபடி, சாக்கெட்டின் 5-ஆம் பின்னை அளக்க வேண்டும். வரைபடம் சொல்வது −35 வோல்ட். இந்த இடத்தில் மீட்டர் மூன்று விதமாகப் பேசும்.

இரண்டு சாக்கெட்டிலும் கிட்டத்தட்ட −35 இருந்தால் பயஸ் நன்றாக இருக்கிறது, குற்றம் வால்விலோ சாக்கெட்டின் பிடிப்பிலோ. பிடிப்பைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 5-ஆம் பின்னைச் சாக்கெட் இறுகப் பிடிக்காவிட்டால் கிரிட் அந்தரத்தில் தொங்கும், நல்ல வால்வும் சிவக்கும். மெல்லிய ஊசியால் உள்தகட்டை நெருக்கிவிட்டால் போதும்.

இரண்டிலும் குறைந்து −15, −20 என்று இருந்தால் பயஸ் சப்ளை. அதில் இருப்பது ஒரு டயோடு, ஒரு 25 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கண்டென்சர், சில ரெசிஸ்டர், ஒரு பிரீசெட். கண்டென்சர்தான் எப்போதும் முதல் குற்றவாளி. ஃபில்டர் கண்டென்சர்களை மாற்றிவிட்டு இதை மறந்துபோனவர்கள் நிறைய, ஏனென்றால் இது தகர மூடிக்குள் இல்லை, தனியாகச் சின்னப் பலகையில் இருக்கிறது. 100 வோல்ட் தாங்கும் 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் போடுங்கள். பிளஸ் முனை சேசிஸுக்கு! மைனஸ் சப்ளை என்பதால் தலைகீழ்.

ஒரு சாக்கெட்டில் சரியாகவும் மற்றதில் குறைவாகவும் இருந்தால் ஒலியை விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய, அந்தப் பக்கத்து 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது, அல்லது 220 கிலோஓம் ரெசிஸ்டர் போய்விட்டது. கண்டென்சரின் 6வி6 பக்க முனையைச் சால்டர் எடுத்துத் தூக்கிவிட்டு, அந்த முனைக்கும் சேசிஸுக்கும் இடையே டிசி அளங்கள். நல்ல கண்டென்சர் ஏறக்குறைய பூஜ்யத்தில் போய் நிற்கும். வோல்ட் கணக்கில் நின்றால் மாற்றுங்கள், அதை மட்டும். அதன் ஜோடி நன்றாக இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

சரிசெய்த பிறகு ஓட்டத்தை அளக்காமல் மூடக் கூடாது. 6வி6-இன் 8-ஆம் பின்னுக்கும் சேசிஸுக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால் அதன் குறுக்கே தெரியும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். சீரிஸ் பல்பை எடுத்துவிட்டுத்தான் இந்த அளவு. பிளேட்டில் 415 வோல்ட் என்றால், 14 வாட் தாங்கும் இன்றைய 6வி6-க்கு அதில் 70 சதவீதம் 9.8 வாட், அதாவது 23 மில்லிஆம்பியர் சொச்சம். 12 வாட் என்று குறித்த பழைய வால்வுக்கு 20. நான் இன்னும் ஒன்றிரண்டு குறைத்தே வைப்பேன், சத்தத்தில் வித்தியாசம் தெரியாது, வால்வின் ஆயுளில் தெரியும். 6வி6ஜிடி-யின் தரவுத்தாளில் பிளேட்டுக்கு உச்சம் 315 வோல்ட் என்றுதான் இருக்கிறது. லியோ ஃபெண்டர் அதற்கு மேல் 100 வோல்ட் ஏற்றி ஓட்டினார், அன்றைய அமெரிக்க வால்வுகள் தாங்கின. இன்று விற்கும் எல்லா 6வி6-உம் தாங்கும் என்று நம்பி வாங்காதீர்கள், 400-க்கு மேல் போகலாம் என்று தயாரிப்பாளர் சொன்னதைப் பார்த்து வாங்குங்கள்.

வால்வு ஷார்ட் ஆகி எரிந்த கதை என்றால் 4-ஆம் பின்னுக்குப் போகும் 470 ஓம் ரெசிஸ்டரையும் பாருங்கள், அநேகமாகக் கருகியிருக்கும்.

ஹம் அடிக்கிறது

எந்த ஹம், அதாவது எந்த ரீங்காரம், என்று முதலில் கேட்டுவிட வேண்டும். நம் ஊர் மின்சாரத்தில் இரண்டு வகைதான்: 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ். கையில் கிட்டார் இருக்கும்போது மீட்டர் எதற்கு? ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தித் தட்டுங்கள். அந்த ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஹம் அதோடு ஒட்டினால் 100. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50. அமெரிக்கர்கள் எழுதிய குறிப்புகளில் பி சுரத்தோடு ஒப்பிடச் சொல்லியிருப்பார்கள், அவர்களுக்கு 60-உம் 120-உம்.

100 ஹெர்ட்ஸ் என்றால் ரெக்டிஃபயருக்குப் பின்னால் வடிகட்டாமல் வரும் அலை. ஃபில்டர் கண்டென்சர்கள், அல்லது ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு 6வி6. இழுக்கும் மின்னோட்டம் சமமாக இருந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதியிலும் அந்த அலை ஒன்றையொன்று அழித்துவிடும், சமமில்லை என்றால் மிச்சம் ஸ்பீக்கரில் கேட்கும். 1 ஓம் ரெசிஸ்டர் இரண்டு சாக்கெட்டிலும் இருந்தால் இதை உடனே பார்த்துவிடலாம். நான்கைந்து மில்லிஆம்பியருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடி சரியில்லை.

50 ஹெர்ட்ஸ் என்றால் ஃபிலமென்ட், எர்த், அல்லது ஷீல்டு விட்டுப்போன வயர். சில ஆம்ப்களில் ஃபிலமென்ட் சுற்றின் நடு முனை எர்த் ஆகியிருக்கும், சிலவற்றில் பைலட் விளக்கருகே இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் அந்த வேலையைச் செய்யும். ஒன்று கருகினாலும் ஹம் வந்துவிடும். எப்போதோ 6வி6 ஷார்ட் ஆனபோது பலியானது அதுவாக இருக்கலாம்.

வால்யூம் திருகைக் கூட்டக் கூட்ட ஹம்மும் கூடினால் காரணம் அதற்கு முன்னால், அதாவது அந்தச் சேனலின் முதல் கட்டத்தில். வால்யூமுக்கு அசையாமல் ரிவெர்ப் திருகுக்குக் கூடினால் ரிவெர்ப் பெட்டியின் ஆர்சிஏ வயர். எதற்கும் அசையவில்லை என்றால் வி6, 6வி6, பவர் சப்ளை. வி6-ஐ உருவிப் பாருங்கள். ஹம் நின்றால் வி6-இலோ அதற்கு முன்னாலோ, நிற்காவிட்டால் பின்னால்.

ரிவெர்ப் பெட்டியைத் தலைகீழாக மாட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒலியை வாங்கும் முனை பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வந்துவிட்டால் எத்தனை கண்டென்சர் மாற்றினாலும் அந்த ஹம் போகாது.

கரகரப்பு, பொரியும் சத்தம், மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு

வி1-இலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போங்கள். எதை உருவியதும் சத்தம் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் பிரச்சினை. வேறு வால்வு மாட்டியும் பொரிந்தால் அந்த வால்வின் 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர். பழைய கார்பன் வகை, வயதானால் இப்படித்தான். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

மூங்கில் குச்சி ஒன்றால் உறுப்புகளைத் தட்டித் தட்டிப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. உலோகம் எதுவும் கூடாது, ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும், மற்ற கை சட்டைப்பையில் இருக்கட்டும். தட்டியதும் வெடித்தால் சால்டர் இணைப்பு. திருகைச் சுழற்றும்போது மட்டும் கரகரத்தால் பொட்டென்ஷியோமீட்டருக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை சுற்றுங்கள். ஆனால் வால்யூம் திருகில் டிசி நிற்கிறதா என்றும் ஒருமுறை அளங்கள், நின்றால் அழுக்கு இல்லை, கசியும் கண்டென்சர்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் நிற்காமல், அதுவும் சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மட்டும் வந்தால், சந்தேகம் பலகையின் மேல். ஃபெண்டர் அக்காலத்தில் உறுப்புகளை மெழுகேற்றிய கறுப்பு ஃபைபர் பலகையில் கட்டியது. அதற்கு அடியில் இன்னொரு பலகை. இரண்டுக்கும் இடையே தங்கிய ஈரத்தையும் வருடக்கணக்கான தூசியையும் உறிஞ்சிய பலகை மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். 300 வோல்ட் உள்ள ஐலெட் (உறுப்புகளைச் சால்டர் செய்யும் உலோக வளையம்) ஒன்றிலிருந்து பக்கத்து கிரிட் இணைப்புக்கு வோல்ட்டேஜ் ஊர்ந்துபோகும். கரகரப்பு, காரணமில்லாத ஹிஸ், தானாக மாறும் பயஸ் என எல்லாமே வரும். உறுப்பு ஒவ்வொன்றாக மாற்றிச் சலித்துப்போனவர்கள் பலரும் வந்து நின்ற இடம் இதுதான்.

கண்டுபிடிப்பது எளிது. மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் மாட்டி, சிவப்பு முனையை ஐலெட்டைத் தொடாமல் வெறும் பலகையின் மேல் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து, இருபது வோல்ட் என்று காட்டினால் திருடன் அகப்பட்டான். ஆம்ப்பை அணைத்து, மின்சாரத்தை வடித்த பிறகு, முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் பலகையைப் பொறுமையாகச் சூடாக்குங்கள், மெழுகு உருகி ஓடும் அளவுக்கு வேண்டாம். மேலே படிந்த அழுக்கைத் துடைத்தெடுங்கள். மறுபடி அளங்கள். அப்படியும் ஓரிடத்தில் விடாமல் நின்றால் அந்த கிரிட் இணைப்பைப் பலகையிலிருந்து தூக்கி அந்தரத்தில் சேர்த்துவிடலாம். அழகாக இருக்காது, ஆனால் அமைதியாக இருக்கும்.

ஒரு சேனல் மட்டும் ஊமை, அல்லது மெலிந்த சத்தம்

வி1-ஐயும் வி2-வையும் இடம் மாற்றுங்கள். ஊமைத்தனமும் கூடவே இடம் மாறினால் வால்வு. மாறாவிட்டால் பிளேட்டை அளங்கள், சுமார் 180 வோல்ட் இருக்க வேண்டும். சப்ளை வோல்ட்டேஜ் அப்படியே நின்றால் வால்வு மின்சாரம் இழுக்கவில்லை, கேத்தோடை (வால்வில் எலக்ட்ரான் கிளம்பும் முனை) எர்த்தோடு சேர்க்கும் 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் திறந்திருக்கும். பூஜ்யம் என்றால் பிளேட் ரெசிஸ்டர். வோல்ட்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் அடிவயிறு இல்லாத சத்தம் வந்தால் கேத்தோடின் 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர் காய்ந்துவிட்டது. கிட்டார் ஜாக்கின் எர்த் தகட்டில் அழுக்கேறினாலும் இதே போலத்தான் இருக்கும், அதனால் முதலில் ஜாக்கைத் துடைத்துவிட்டு அளக்க உட்காருங்கள்.

ரிவெர்ப் வரவில்லை

ஆம்ப்பை ஓடவிட்டு, ரிவெர்ப் திருகைப் பாதியில் வைத்து, கேபினட்டை மெல்ல ஆட்டுங்கள். ஸ்பிரிங் மோதி இடி இடித்தால் திரும்பி வரும் பாதி நன்றாக இருக்கிறது, ஓட்டும் பாதியில்தான் கோளாறு: வி3, அதன் கேத்தோடு, சின்ன ரிவெர்ப் டிரான்ஸ்ஃபார்மர், பெட்டியின் உள்ளீடு. இடி கேட்காவிட்டால் வி4, வயர், பெட்டியின் வெளியீடு.

பெட்டியை வெளியே எடுத்து ஓம் மீட்டரில் பாருங்கள். 8 ஓம் என்று குறித்த உள்ளீட்டில் டிசி அளவு 1 ஓமை ஒட்டி இருக்கும், 2250 ஓம் என்று குறித்த வெளியீட்டில் 200 ஓம் அளவில். ஏதாவது ஒன்று திறந்திருந்தால் சுருளிலிருந்து ஆர்சிஏ சாக்கெட்டுக்குப் போகும் தலைமுடி போன்ற கம்பி அறுந்திருக்கும். பெரும்பாலும் முனையிலேயே அறும், பூதக்கண்ணாடியும் நுனி மெலிந்த அயர்னும் இருந்தால் பற்றவைத்துவிடலாம். சுருளுக்குள்ளேயே அறுந்திருந்தால் வேறு பெட்டிதான். அதே இம்பிடன்ஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வேறு எண் உள்ளது மாட்டினால் மூச்சுவிடுவது போல ரிவெர்ப் கேட்கும்.

டிரெமோலோ ஆடவில்லை

ஃபுட்சுவிட்ச் மாட்டியிருக்கிறதா? இந்த ஆம்ப்பில் அது எர்த் கொடுத்தால்தான் ஆட்டமே தொடங்கும். ரிவெர்ப்புக்கு நேர் எதிர், அங்கே எர்த் ஆனால் நின்றுவிடும். ஃபுட்சுவிட்ச் இல்லாதவர்கள் ஓர் ஆர்சிஏ பிளக்கின் நடுமுனையையும் வெளிவளையத்தையும் சேர்த்துச் சால்டர் செய்து, டிரெமோலோ ஜாக்கில் செருகிவிட்டுச் சோதிக்கலாம். அப்படியும் ஆடாவிட்டால் வி5-ஐ மாற்றுங்கள், பிறகு அதைச் சுற்றியுள்ள மூன்று சின்னக் கண்டென்சர்களைப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் நியான் விளக்கும் ஒளி உணரியும் கறுப்புக் குழாய்க்குள் ஒன்றாக இருக்கும் அந்தச் சின்ன உறுப்பு. ஓடும்போது குழாயின் ஓரத்தில் நியான் மினுக்குவது தெரிந்தால் ஆசிலேட்டர் உயிரோடு இருக்கிறது, கெட்டது உணரிதான். ஆட்டத்தோடு டிக் டிக் என்று கேட்டால் அந்த உறுப்புக்குப் போகும் வயர்களை மற்ற வயர்களிலிருந்து ஒதுக்கி வையுங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிய பிறகு ஊளை

டிரான்ஸ்ஃபார்மரின் நீலக் கம்பியும் பழுப்புக் கம்பியும் இடம் மாறியிருக்கின்றன. வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் ஃபீட்பேக் தலைகீழாகி ஆம்ப் தன்னைத்தானே கத்தவைக்கிறது. அணைத்து, வடித்து, 6வி6 சாக்கெட்டுகளின் 3-ஆம் பின்னுக்குப் போகும் அந்த இரண்டு கம்பிகளையும் மாற்றிச் சால்டர் செய்யுங்கள். ஊளை நின்றுவிடும்.